உப்பு குறைந்த ரசம்

என் மனைவிக்கு வந்திருப்பது மாரடைப்பு என்று தெரியும்வரை நாங்கள் அதற்கு ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மார்ச் மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் எங்கள் பங்கின் மாதா கோயிலை ஒட்டிய துவக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஒரே மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பிரசவமாகிக் கைக்குழந்தையோடு இருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

முதலில் தாடை வலி என்றாள் என் மனைவி. பிறகு தோள்பட்டைக்குப் பின்னால் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கிறது என்றாள். அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டோடு எழுந்துபோவாள்.

"என்ன அம்மணி, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றால், "கேஸ்தானுங்க. ஓமத்தைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா எறங்கிரும்" என்பாள். குடித்ததும் ஒரு ஏப்பம் வரும். அது வந்ததும் இருவருக்கும் ஒரு நிம்மதி. மறுநாள் பெருங்காயத்தை மோரில் கலந்து குடித்தாள். அதற்கடுத்த நாள் சுக்குக் காப்பி. அடுக்களையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் அவள் திறந்து பார்த்துவிட்டாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாளாம். சேலை முழுக்க வேர்வையில் நனைந்துவிட்டதாம். தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரீ அம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மில் கேட்டுக்குப் போன் செய்தார். நான் தலையில் பஞ்சோடு, கையில் கிரீஸோடு போய் நின்றேன்.

டாக்டர் என் வயதுக்காரர். ஓய்வே இல்லாத முகம். இ.சி.ஜி. காகிதத்தை என் முன்னால் நீட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

"இது இன்னைக்குத் திடீர்னு வந்ததில்லைங்க. கொஞ்ச நாளாவே நெஞ்சு சொல்லிட்டு இருந்திருக்குது."

"கேஸுன்னு நெனச்சோமுங்க டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தானுங்க நெனைக்கறாங்க. பொம்பளைங்கன்னா இன்னும் ஜாஸ்தி. தாடை வலி, தோள் வலின்னு வரும். நெஞ்சு வலின்னே சொல்ல மாட்டாங்க." அவர் சொன்ன தொனியில் குற்றம் சாட்டுவதாக ஒன்றும் இல்லை. இதையே தினமும் யாரிடமாவது சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள அவசரத்துக்கு ஒன்று. குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, அடுப்படியில் வெகுநேரம் நிற்கக் கூடாது. எண்ணெய் குறைய வேண்டும். உப்பு பாதிக்கும் கீழே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஒன்றும் ஆகாது.

யார் சமைப்பது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மில்லில் இருந்து வந்ததும் குளித்துவிட்டு அரிசியைக் களைவேன். எனக்குத் தெரிந்தது சோறும் பருப்பும்தான். பருப்பை வேகவைத்துக் கடைந்து, உப்பைக் கிள்ளிப் போட்டு அவள் முன்னால் வைப்பேன். இரண்டு வாய் உண்டுவிட்டு விரல்களால் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருப்பாள்.

"சாப்பிடு அம்மணி."

"எறங்க மாட்டேங்குதுங்க. மண்ணைத் திங்கற மாதிரி இருக்குது."

எனக்கும் அதே சாப்பாடுதான். அவள் முன்னால் எனக்கு மட்டும் ஊறுகாய் எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு அந்தச் சோற்றை உள்ளே தள்ளுவோம். அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிற்று. சண்டையெல்லாம் இல்லை. அலுப்பு. அவளுக்குப் படுத்துப் படுத்து அலுப்பு, எனக்கு நின்று நின்று அலுப்பு. பாதி மெஷின்களை நிறுத்தப் போகிறார்கள் என்று மில்லில் வேறு பேச்சு. யூனியன் ஆட்கள் கேட்டில் நின்று துண்டுக் காகிதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வருவேன். படிக்கமாட்டேன்.

பிறகு பார்க்க வருகிறவர்கள் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்படியே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவருவார்கள். வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் விழுங்கச் சொன்னார் ஒருவர். கறிவேப்பிலையை அரைத்து உருண்டையாக்கிச் சாப்பிட்டால் கொழுப்பு கரைந்துவிடும் என்றார் இன்னொருவர். கொத்தமல்லிச் சாறு, இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர் என்று அவரவருக்கு ஒரு வழி. அவரவருக்குத் தெரிந்த ஒரு சொந்தக்காரர், டாக்டர் கைவிட்ட பிறகு இதைக் குடித்துத்தான் எழுந்து நடந்தாராம். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அவர்கள் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஏப்ரலில் அவளுடைய அக்கா வந்து சேர்ந்தார். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறவர். அவருடைய கணவர் சில வருடங்களுக்கு முன்னால் தென்னை மரத்தடியில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்து போய்விட்டார். உக்கடத்தில் பஸ் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தவர், ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் மலைப்பூண்டு கட்டிய சாக்குப்பையுமாக வாசலில் நின்றார்.

"ஏனுங்க தம்பி, இப்படி எளச்சுப்போயிட்டீங்க? இனி நான் பாத்துக்கறேன். நீங்க வேலைக்குப் போய்ட்டு வாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் வந்து படுத்தவன், பொழுது சாய்ந்துதான் எழுந்தேன்.

அக்கா விடிந்ததும் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிடுவார். பச்சைப் பூண்டு ஒரு கை நிறைய. அதை நசுக்கித் தேனில் குழைத்து, தங்கச்சி பல் துலக்கினதும் வாயில் ஊட்டுவார். "முழுங்கு கண்ணு, கண்ணை மூடிட்டு முழுங்கு." பொழுது சாய்ந்ததும் மறுபடியும் அதே அளவு, இந்தத் தடவை பாலில். நடுவில் இஞ்சிச் சாறு. வெந்தயம் தனி. வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாலே பூண்டு நெடி முகத்தில் அடிக்கும். தலையணையில், துண்டில், தண்ணீர்ச் சொம்பில், எல்லாவற்றிலும் அந்த வாடை. மில்லில் பக்கத்து மெஷின்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

என் மனைவிக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் வாய் திறந்து சொல்லிவிட்டாள். "அக்கா, போதுமக்கா. நெஞ்செல்லாம் காந்துது."

"காந்துனா காந்தட்டும். உள்ள இருக்கற அடைப்பைக் கரைக்குதுன்னு அர்த்தம்."

"டாக்டரைக் கேட்டுப் போட்டுத் தின்னலாமே."

"பூண்டு திங்கறதுக்கு டாக்டரைக் கேக்கோணுமா? நாம என்ன வெசத்தையா குடுக்கறோம்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தபிறகுதான் எனக்குத் தூக்கம் கிடைத்திருந்தது. பூண்டு நல்லதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. கையில் எங்காவது லேசாக இடித்தாலும் நீலம் பாய்ந்தது. அவளுக்கு நெடுநாளாகத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல், அந்த வாரம் பார்த்துக் கன்னத்தை வீங்கவைத்தது. பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதய மாத்திரை சாப்பிடுகிறாள் என்று சொன்னோம். அவர் நிதானமான மனிதர். இதய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் பல்லை எடுத்தார். "வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமா கசியும். பஞ்சைக் கடிச்சுக்கங்க, நின்னுரும்" என்று அனுப்பினார்.

நிற்கவில்லை. மத்தியானம் எடுத்த பல். வெளிச்சம் மங்கி விளக்குப் போடுகிற நேரத்திலும் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. மாற்றி மாற்றி வைத்தோம். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்க முடியாது. என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். அக்கா மூலையில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல் எடுத்த இடத்தில் தையல் போட்டு, மருந்து தோய்த்த துணியை வைத்து அழுத்தினார்கள். வெகுநேரம் கழித்துக் கசிவு மட்டுப்பட்டது. அதே இதய டாக்டர் வார்டைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தார். கையிலிருந்த நீலத் திட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"நான் குடுத்த மாத்திரைக்கு இவ்வளவு ஆகாதே. ஊட்டுல வேற ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார்.

"பூண்டுங்க," என்றார் மெதுவாக.

"எவ்வளவுங்க?"

அக்கா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். "காலைல இவ்வளவு. சாயங்காலம் இவ்வளவு. பச்சையா. அப்பறம் இஞ்சிச் சாறு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா, பூண்டு கெட்டதுன்னு நான் சொல்லமாட்டேன். கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். பிரஷரைக் கொஞ்சம் எறக்கலாம். ஆனா அதுவும் ரத்தத்தை எளக்கும், நான் குடுத்த மாத்திரையும் எளக்கும். ரெண்டும் சேந்து வேலை செஞ்சிருக்குது. ரசத்துல நாலு பல்லு தட்டிப் போட்டா அது சாப்பாடு. இப்படிக் கை நெறையக் குடுத்தா அது மருந்து. மருந்து குடுத்தா எங்கிட்டச் சொல்லோணுமில்லீங்களா?"

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அழுகை அதையும் மீறி வந்தது.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் குடுக்க முடியலீங்க. ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்க முடியலை. கூப்பிடறதுக்குள்ள போயிட்டாரு. இவளுக்காச்சும் எதையாவது செஞ்சரோணும்னு…"

வாயில் துணியோடு படுத்திருந்த என் மனைவி கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பிடரியைத் தேய்த்துக்கொண்டு கட்டில் கம்பியில் சாய்ந்தார். டாக்டர் அதைக் கவனித்தார். நர்ஸை அழைத்து, "இந்த அம்மாவுக்கும் பிரஷர் பாருங்க" என்றார்.

பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த நர்ஸ் மறுபடியும் ஒருமுறை காற்றடித்துப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் தணிந்த குரலில் சொன்னார். அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கும் இருந்தது. அழுததால் ஏறியிருக்கும் என்று உட்காரவைத்து, பிறகு பார்த்தாலும் இறங்கவில்லை. எத்தனை வருடமாக இருக்கிறதோ தெரியாது. அவர் இதுவரை யாரிடமும் கையை நீட்டிப் பிரஷர் பார்த்ததே இல்லை.

"உங்களுக்கும் மாத்திரை உண்டுங்க. உப்பையும் குறைக்கோணும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் பூண்டு தின்னதே இல்லீங்க. எனக்குப் புடிக்காது," என்றார். என் மனைவி துணியைக் கடித்துக்கொண்டே சிரித்துவிட்டாள். வலியில் உடனே கண்ணில் நீர் வந்தது.

கிளம்பும்போது நான் மட்டும் டாக்டரிடம் நின்றேன். "அப்ப இந்தக் கீரை, மல்லி, வெந்தயம் எல்லாம் சும்மாங்களா டாக்டர்?"

"சும்மா இல்லீங்க. டீச்சர் சரியாச் சாப்பிடறாங்களா?"

"இல்லீங்க. உப்பில்லாம எறங்கலைங்கறா."

"உப்பு எடுத்த எடத்துல நீங்க என்ன வெச்சீங்க?"

"ஒண்ணும் வெக்கலீங்களே."

"ஒண்ணுமே வெக்கலைன்னா எப்படீங்க எறங்கும்? மல்லி, புதினா, கறிவேப்பிலை, பூண்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் அதுக்குத்தான். நாக்கை ஏமாத்தோணும். உப்பு கொறஞ்சாப் பிரஷர் கொறையும், பிரஷர் கொறஞ்சா நெஞ்சுக்கு வேலை கொறையும். நான் நம்பறது அவ்வளவுதானுங்க." அதற்குள் யாரோ அவரை அழைத்தார்கள். போய்விட்டார்.

பல் எடுத்த புண் ஆறியதும் ஒருநாள் என் மனைவி அடுக்களைக்குள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் அடுப்புக்கிட்ட வரமாட்டேன். இங்கிருந்தே சொல்றேன். நீங்க செய்யுங்க."

அக்கா அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்தார். நான் அடுப்பருகே. மிளகையும் சீரகத்தையும் உரலில் போட்டேன். பூண்டை நாலே பல், தோலோடு தட்டச் சொன்னாள். புளியை வழக்கமாகக் கரைப்பதில் பாதி கரைத்தேன். தக்காளியைக் கையால் பிசைந்து விட்டேன்.

"மல்லித்தழையை வெட்டிப் போட்டுக் கடைசில தூவறதில்லைங்க. தண்டுதான் மணம். தண்டை நசுக்கி மொதல்லயே போடுங்க."

இருபத்துச் சொச்சம் வருடம் அவள் வைத்த ரசத்தைக் குடித்திருக்கிறேன். தண்டைக் குப்பையில் போடமாட்டாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. நுரை கட்டி வந்ததும் அடுப்பை அணைத்தேன். கறிவேப்பிலையைக் கசக்கிப் போடச் சொன்னாள். எண்ணெய் ஒரு சொட்டு, கடுகு பொரிய மட்டும். கடைசியில் எலுமிச்சம்பழம் அரை மூடி. உப்பை எடுக்கக் கை போனதும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், "போதும்" என்றார்கள். நான் இன்னும் போடவே இல்லை.

அன்று அவள் தட்டு காலியாயிற்று. நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "இது பரவால்லைங்க" என்றாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புனு இருக்குது" என்றார். மூன்றாவது வாய்க்குப் பிறகு பேச்சில்லாமல் குடித்தார்.

அப்புறம் எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. கடையில் சில நாள் மல்லித்தழை வாடிப்போய் இருக்கும். சில நாள் நான் இரட்டை ஷிப்டு முடித்து வந்து, உரலைப் பார்த்ததுமே எரிச்சலாகி வெறும் பருப்புச் சோறு வைப்பேன். அவள் ஒதுக்கிவைப்பாள். அடுத்த நாள் மறுபடியும் தண்டை நசுக்குவேன். புதினாத் துவையலுக்குத் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டக் கற்றுக்கொண்டேன். வெந்தயக்கீரையைப் பருப்பில் போட்டால் அந்தக் கசப்பே உப்பு இல்லாததை மறைத்துவிடும் என்று நாங்களாகக் கண்டுபிடித்தோம். அக்கா மாத்திரைப் பொட்டலத்தோடு பொள்ளாச்சி பஸ் ஏறினார். மிச்சமிருந்த பூண்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். வாரக் கடைசியில் பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டிலிருந்து போன் செய்வார். "தம்பி, நான் வெச்சா அந்த ரசம் வர மாட்டேங்குது" என்பார். நான் போனிலேயே ஆரம்பத்திலிருந்து சொல்லுவேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுடைய பிரஷர் இறங்கியிருந்தது. மாத்திரையா, உப்புக் குறைந்ததா, சாயங்காலம் நாங்கள் நடக்கத் தொடங்கியிருந்ததா என்று கேட்டேன். "எல்லாமுந்தானுங்க. எதையும் உட்றாதீங்க" என்றார் டாக்டர். எது காப்பாற்றியது என்று பிரித்துப் பார்க்க எனக்கு அறிவும் இல்லை, தெம்பும் இல்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. கன்னியாஸ்திரீ அம்மா அவளுக்கு மாடி ஏற வேண்டாத கீழ்த்தளத்து வகுப்பாகக் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் மில்லில் ஒரு பகுதியை மூடினார்கள். என் பகுதி இல்லை, ஆனால் அடுத்தது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் எலுமிச்சம்பழச் சோறு கிளறி, மேலே கறிவேப்பிலையும் மல்லித்தழையும் போட்டு, டிபன் பாக்ஸில் அடைத்துக் கொடுத்தேன். மாத்திரையைத் தனியாக மடித்து அவள் கைப்பைக்குள் வைத்தேன். வாசலில் குடையை விரித்துக்கொண்டு, "போயிட்டு வாரனுங்க" என்றாள்.

சாயங்காலம் களைத்துப்போய் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. எனக்கும் ஷிப்டு முடிந்து கால் கெஞ்சிக்கொண்டிருந்தது. எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"பிள்ளைங்க எல்லாம் வளந்துபோயிருக்குதுங்க," என்றாள் கண்ணைத் திறக்காமலே. பிறகு, "நாளைக்குப் புதினா கெடச்சா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

சரி என்றேன். எழுந்து அரிசியைக் களையப் போனேன்.